போர் விமானங்கள் ஏன் தரையை ஒட்டிப் பறக்கின்றன? அது அவ்வளவு ஆபத்தானதா?

ரேடார் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை; பூமியோ வளைந்தது. மலை மறைவில் பதுங்கி வரும் விமானம் எதிரியின் திரையில் கடைசி நேரத்தில்தான் தெரியும். அதனால்தான் இந்தப் பயிற்சி.

வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பிரிட்டன் விமானிகள் 250 அடி உயரத்தில் பழகுகிறார்கள். மலைச்சரிவில் நிற்பவர் விமானத்தைக் குனிந்து பார்க்கலாம். விமானியின் தலைக்கவசம்கூடத் தெரியும். மணிக்கு 800 கி.மீ. என்றால் நொடிக்கு 220 மீட்டர். அந்த உயரத்தில் விமானத்தின் மூக்கு தாழ்ந்தால் திருத்திக்கொள்ள சில நொடிகள்தான் கிடைக்கும். மலையைவிடக் கொடியது கம்பி. கோபுரம் கண்ணில் படும், கம்பி படாது.

1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசே அருகே அமெரிக்க மரைன் படையின் பிரவுலர் விமானம் ரோப் கார் கம்பியை அறுத்தது. பெட்டியிலிருந்த 20 பேரும் இறந்தார்கள். அங்கே 2,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. விமானம் 400 அடிக்கும் கீழே வந்திருந்தது. இதைப் பயிற்சி விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரண வழக்கில் விமானி விடுதலையானார். பயணத்தின் வீடியோ பதிவை அழித்ததற்காகத்தான் அவரும் வழிகாட்டி அதிகாரியும் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.