பழைய கெபின் படகு வாங்கலாமா? திருகோணமலைக்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

சனி ஞாயிறில் குடும்பத்தோடு கடலில் இறங்கி, ஒரு இரவு படகிலேயே படுத்துவிட்டு வர, மலிவாக ஒரு பழைய கெபின் படகு வாங்கலாமா என்று கொஞ்ச நாளாகப் பலர் கேட்கிறீர்கள். பைபர் திருத்த வேலையும் எஞ்சின் வேலையும்தான் என் தொழில், அதனால் தெரிந்ததை எல்லாருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன்: கையில் அளவான காசு உள்ள குடும்பத்துக்கு 22 முதல் 26 அடி வரை நீளமான, அவுட்போட் எஞ்சின் பின்பலகைக்கு வெளியே தொங்குகிற படகுதான் சரி. கீழே நான் சொல்வது பெரும்பாலும் அதற்கான காரணங்கள்தான்.

உவர்மலையில் இருந்து: அண்ணா, நாங்கள் நாலு பேர், இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். நீர்கொழும்பில் 32 அடிப் படகு ஒன்று, இரண்டு பெற்றோல் எஞ்சின், 25 அடிப் படகின் விலைக்கே தருகிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். பெரிய படகு சின்னப் படகின் விலைக்கு வருகிறதென்றால், வைத்திருப்பவருக்குச் செலவு கட்டவில்லை, அந்தச் செலவைத்தான் உங்கள் தலையில் இறக்கப் பார்க்கிறார். இரண்டு எஞ்சின் என்றால் பம்ப், பில்டர், ஒயில் எல்லாமே இரண்டு. அதைவிடப் பெரிய கரைச்சல் படகைத் தண்ணீரில் இருந்து எடுப்பது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் பெருக்கில் கரையில் ஏற்றி, வற்றில் அடியைச் சுரண்டிப் பெயின்ற் அடித்து, அடுத்த பெருக்கில் மிதக்கவிடுவது என்ற வழி இங்கே சரிவராது. அடியில் சிப்பி பிடித்த ஒவ்வொரு தடவையும் 32 அடிப் படகுக்குக் கிரேனைத் தேட வேண்டும். 24 அடி என்றால் ட்ரெயிலரில் ஏற்றி ஒரு உழவு மெஷினால் இழுத்துவிடலாம், அகலம் எட்டரை அடிக்குள் இருந்தால் நீர்கொழும்பில் இருந்து லொறியில் கொண்டுவருவதும் லேசு.

கிண்ணியாவில் இருந்து: அண்ணன், பொல்கொடை ஏரியில் கிடந்த படகு ஒன்று பார்த்தேன். ஸ்டேர்ன் டிரைவ் பெற்றோல் எஞ்சின். கடலில் ஓடாத படகு, அதனால் பழுது இருக்காது என்கிறார் விற்கிறவர்.

தம்பி, அவர் சொல்வதில் பாதி உண்மை. உப்புக் குறைந்த தண்ணீர் எஞ்சினுக்கு நல்லது. ஆனால் பைபருக்கு நிலைமை எதிர்மாறு. உப்புக் குறைந்த, வெதுவெதுப்பான தண்ணீர்தான் மேல்பூச்சான ஜெல்கோட் வழியாக வேகமாக ஊறும், உள்ளே பைபரை ஒட்டிப் பிடிக்கிற ரெசினோடு சேர்ந்து புளித்த நீராக மாறி அடிப்பக்கத்தில் கொப்புளம் போடும். கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி மணம் வரும். படகைக் கரையேற்றிய அன்றே போய்ப் பாருங்கள், நாள்கணக்கில் காயவிட்டால் கொப்புளம் அமுங்கித் தெரியாமல் போகலாம். அங்கொன்று இங்கொன்று என்றால் பயப்பட ஒன்றுமில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடி முழுக்க என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி அந்த எஞ்சின். ஸ்டேர்ன் டிரைவில் எஞ்சின் படகுக்கு உள்ளே, ப்ரொப்பெல்லர் கால் வெளியே. அந்தக் கால் அலுமினியம், எப்போதும் உப்புத் தண்ணீரில் நின்றால் அரிக்கும். கால் படகோடு சேரும் இடத்தில் ரப்பர் உறை ஒன்று இருக்கிறது, அது வெடித்தால் கடல் நேரே உள்ளே வரும், இரவில் நங்கூரத்தில் நிற்கிற படகே அப்படி மூழ்கலாம். கடல் தண்ணீரால் நேரடியாகக் குளிராகிற பெற்றோல் எஞ்சினில் புகை வெளியேறும் இரும்பு மனிபோல்ட் ஐந்தாறு வருஷத்தில் உள்ளுக்குள் அரித்துவிடும், பிறகு தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால் எஞ்சின் முடிந்தது. ஏரியில் நல்லாக இருந்த எஞ்சினை இங்கே கொண்டுவந்து தண்ணீரிலேயே கட்டி வைத்தால் இவ்வளவும் அன்றைக்குத்தான் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் ட்ரெயிலரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்றால் யோசிக்கலாம், இல்லையென்றால் விடுங்கள்.

அவுட்போட்டை ஓடி முடிந்ததும் தண்ணீரைவிட்டு மேலே தூக்கலாம், நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவலாம், பழுதானால் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம். மீன்பிடிக் கிராமங்களில் யமஹா, சுசுகி திருத்தத் தெரிந்தவரைத் தேடி நீங்கள் அலையத் தேவையில்லை. ஸ்டேர்ன் டிரைவுக்கு ஆள் வேண்டுமென்றால் கொழும்புப் பக்கம்தான் கேட்க வேண்டிவரும்.

சல்லியில் இருந்து: படகைச் சோதிக்கிற சேர்வேயரைக் கூப்பிட வசதியில்லை. நானே படகைப் பார்ப்பது எப்படி?

ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். அடி, பக்கம், தளம், பின்பலகை எல்லாம் ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல பைபர் கணீரென்று சொல்லும், ஊறினதும் ஒட்டு விட்டதும் செத்த சத்தம் போடும், தேங்காயைத் தட்டிப் பார்க்கிற நமக்கு இந்த வித்தியாசம் காதிலேயே பிடிபட்டுவிடும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்பலகை. வெளியே பைபராகத் தெரிந்தாலும் பழைய படகுகளில் உள்ளே பெரும்பாலும் பிளைவுட்தான். எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் உக்கியிருக்கும், எஞ்சினின் முழுப் பாரமும் அதில்தான் தொங்குகிறது. அவுட்போட்டைக் கீழே இறக்கிவைத்து, அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால் அந்தப் படகு வேண்டாம்.

பிறகு தளத்தில் வெறுங்காலோடு நடவுங்கள். கம்பித்தூண் பூட்டிய இடம், ஜன்னல் ஓரம் இங்கெல்லாம் கால் அமுங்குகிறதா? கெபினுக்குள் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், மூடியெல்லாம் திறந்து அடித்தளத்தில் நிற்கிற தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு என்றால் கடல் எங்கேயோ வருகிறது, உப்பில்லை என்றால் மழை மேலால் ஒழுகுகிறது. ஒயில் மிதந்தால் வாயில் வைக்கத் தேவையில்லை, அதற்கு வேறு விளக்கம் கேளுங்கள். புதுப் பெயின்ற் மணம் அடிக்கிற அடித்தளத்தை நான் நம்புவதில்லை, அங்கே பெயின்ற் அடிக்க ஒரு காரணம் இருந்திருக்கும்.

எஞ்சினுக்கு எல்லாச் சிலிண்டரிலும் கொம்ப்ரெஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் நல்லது. கியர் ஒயில் பால் நிறமாக இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அதே ஆள்: விற்கிறவர் எஞ்சினை முதலே சூடாக்கி வைத்திருந்தார், கடலில் ஓட்டிக் காட்ட மறுக்கிறார்.

அப்படியென்றால் வாங்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் உங்கள் கண்முன்னே ஸ்ரார்ட் ஆக வேண்டும், முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.

லிங்கநகரில் இருந்து: எரிபொருள் செலவுதான் பயமாக இருக்கிறது. டீசல் எடுத்தால் மிச்சமா?

கணக்கைப் பார்ப்போம். பெற்றோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் பத்துக் குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ நாலு லீற்றர் குடிக்கும். 150 குதிரைவலு என்றால் மணிக்கு 55 முதல் 60 லீற்றர். யாரும் முழு வேகத்தில் நாள் முழுக்க ஓடுவதில்லை, 20 நொட்டில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில், நிதானமாகப் போனால் மணிக்கு 30 லீற்றர் என்று வையுங்கள். டவுனில் இருந்து புறாமலைத் தீவு பத்துக் கடல் மைலுக்குள், அரை மணித்தியாலம், 15 லீற்றர். திரும்பி வர இன்னொரு 15. அதே தூரத்தை 6 நொட்டில் போனால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், ஆனால் பெற்றோல் ஏறத்தாழ பாதிதான். படகு தண்ணீரைக் கிழித்துப் போகும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, 25 அடிப் படகுக்கு அது ஆறரை நொட் அளவில். அதைத் தாண்டி அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கி மேலே ஏறத்தான் பெற்றோல் போகிறது. உல்லாசமாகப் போகிறவருக்கு அவசரம் எதற்கு? மெதுவாகப் போங்கள்.

டீசல் அதே வலுவுக்குக் குறைவாகவே குடிக்கும், நெருப்புப் பயமும் குறைவு. ஆனால் எஞ்சின் உள்ளே இடம் பிடிக்கும், பாரம், விலையும் அதிகம். மாதத்துக்கு இரண்டு தரம் கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த விலை வித்தியாசம் எரிபொருளில் திரும்பி வரவே வராது.

திருக்கடலூரில் இருந்து: அண்ணே, என்னிடம் பழைய மீன்பிடிப் பைபர் படகு சும்மா கிடக்கிறது. அதிலேயே பலகையால் ஒரு கெபின் அடித்தால் என்ன?

உங்கள் படகின் உடல் உங்களுக்குத் தெரியும், அது பெரிய நன்மை. ஆனால் அந்தப் படகு வலையும் மீனும் அடியில் கிடக்க ஓடுவதற்காகச் செய்தது. பாரத்தை எடுத்துவிட்டு மேலே ஆள் உயரத்துக்குக் கெபின் வைத்து, கூரையில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தால் வருகிற அலைக்கே புரளும். கூரையைத் தாழ்வாக, இருந்து தலை முட்டாத அளவில் மட்டும் வையுங்கள், அணியப் பக்கம் மெல்லிய பைபரில் செய்யுங்கள், கூரையில் யாரும் ஏறாதபடி சாய்த்துவிடுங்கள். பிறகு கரைக்குப் பக்கத்தில், அடி தட்டாமல் படகு மிதக்கிற தண்ணீரில், ஆட்களை ஒரு பக்கமாக நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் விளிம்புக்குக் கிட்ட வந்தால் கெபினைக் கழற்றிவிட்டு வெயிலுக்குத் துணிக்கூரை போடுங்கள். மேலும், மீன்பிடிக்கென்று பதிந்த படகு உல்லாசத்துக்கு ஓடலாமா என்று கடற்றொழில் திணைக்களத்தில் கேட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அன்புவழிபுரத்தில் இருந்து: என் கணவர் வாங்கியே தீருவேன் என்கிறார். பிள்ளைகளோடு அதில் படுப்பது பாதுகாப்பா?

அக்கா, நல்ல கேள்வி கேட்டீர்கள். கடலைவிடக் கெபினுக்குள்தான் பயம் அதிகம். முதலாவது, எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட விட்டுவிட்டு யாரும் உள்ளே படுக்கக் கூடாது. அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். ஏசிக்கு ஆசைப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மேல்மூடியைத் திறந்து நுளம்புவலை கட்டுங்கள், நங்கூரத்தில் நிற்கிற படகு தானாகவே காற்றுப் பக்கம் திரும்பி நிற்கும், காற்று உள்ளே வரும்.

இரண்டாவது, சமையல் காஸ். அது காற்றைவிடப் பாரம், ஒழுகினால் படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு சுவிட்ச் போட்டாலே வெடிக்கலாம். சிலிண்டர் கெபினுக்கு வெளியே, ஒழுகினால் கடலுக்கு வடிகிற மாதிரி ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். பெற்றோல் ஆவியும் அப்படித்தான். உள்ளே எஞ்சின் உள்ள படகில் ஸ்ரார்ட் பண்ண முன் காற்றாடியை நாலு நிமிடம் ஓடவிட வேண்டும்.

மற்றது, பிள்ளைகளுக்கு அவர்களின் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கி. பெரிய ஆளின் அங்கியைப் போட்டால் பிள்ளை அதற்குள்ளால் நழுவிவிடும். தளத்துக்கு வந்தால் போட்டுத்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சட்டம் போடுங்கள்.

பெயர் போடாமல் ஒருவர்: டொய்லெட்?

கழற்றி எடுக்கக்கூடிய போர்ட்டபிள் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுங்கள், துறைமுகத் தண்ணீரில் விடாதீர்கள்.

நிலாவெளியில் இருந்து: எந்த மாதம் ஓடலாம், எங்கே நிற்கலாம்?

வாடைக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் பெப்ரவரி வரை, வெளிக்கடலை மறந்துவிடுங்கள். புரேவி புயல் 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில் படகு கரையில், சாய்வான துணிக்கூரைக்குக் கீழே இருப்பதுதான் நல்லது. விற்கிறவர்கள் விலையில் இறங்குவதும் அப்போதுதான், பார்த்து வையுங்கள், ஆனால் கடலில் ஓட்டிப் பார்க்காமல் முழுக்காசைக் கொடுக்காதீர்கள்.

மே முதல் செப்ரெம்பர் வரை கடல் வடிவாக இருக்கும். இங்கேதான் புதுசாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தக் காலக் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிறது, அதனால் கரையோரம் குளம்போலத் தெரியும், பின்னேரம் காற்று ஏற ஏற எஞ்சின் நின்ற படகை வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே போகும். திரும்பி நீந்தவோ துடுப்புப் போடவோ முடியாது. ஆகவே சின்ன உதவி எஞ்சின் ஒன்று, இரண்டு பற்றரி, ஆபத்தில் கூப்பிடுகிற சனல் 16 உள்ள வி.எச்.எப். வானொலி இவை இல்லாமல் போகாதீர்கள். போன் சிக்னலை நம்பிக் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

நங்கூரத்துக்கு ஆழத்தின் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும், முன் துண்டு சங்கிலியாக இருக்கட்டும். கொட்டியாரக் குடாவில் கவனம், கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே வருகிறது, கொஞ்சம் தள்ளினால் நங்கூரம் அடியே தொடாது. திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருவதும் அந்தப் பள்ளத்தால்தான், கண்டால் எஞ்சினைக் குறைத்துத் தூரத்தில் நின்று பாருங்கள், துரத்தாதீர்கள். புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா, பகலில் அனுமதியோடு போய்வரும் இடம், அங்கே முருகைக்கல்லில் நங்கூரம் போடுவது அநியாயம். உட்துறைமுகம் காற்றுக்கு அருமையான மறைப்பு, ஆனால் கடற்படையும் துறைமுக அதிகாரசபையும் இருக்கிற இடம். எங்கே கட்டலாம், இரவு எங்கே நிற்கலாம் என்று இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வந்த பிறகு படகைத் தேடுங்கள். அநேகமானோர் படகை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

பட்டணத்தெருவில் இருந்து: பத்திரங்களில் எதைப் பார்ப்பது?

எஞ்சினில் அடித்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டு இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கம் சுரண்டியிருந்தால் களவு எஞ்சின் என்றே எடுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த படகென்றால் சுங்கப் பத்திரம், பிறகு பதிவு, விற்கிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள காசில் மூன்றில் ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்குப் படகு தேடுங்கள், முதல் வருஷம் அந்தக் காசு கட்டாயம் வேண்டிவரும்.

கனடாவில் இருந்து: அண்ணா, இங்கே பழைய படகு மலிவு. ஒன்றைக் கொள்கலனில் போட்டு அனுப்பி, வருஷத்தில் ஒரு மாதம் ஊருக்கு வரும்போது பாவிக்கலாமா?

கொள்கலனின் உள் அகலம் 2.35 மீற்றர்தான், எட்டரை அடிப் படகு நேராகப் போகாது. அதையும் சுங்கத்தையும் தாண்டினாலும் மிச்சம் பதினொரு மாதம் யார் பார்ப்பது? ஓடாத படகுதான் கெதியாகக் கெடும். பெற்றோல் பழுதாகும், பற்றரி இறங்கும், பற்றரி இறங்கினால் தண்ணீர் இறைக்கிற பம்ப் ஓடாது, வாடை மழை இரண்டு நாள் அடித்தால் கட்டிய இடத்திலேயே தாழும். ஊரில் உள்ள தம்பியோ மச்சானோ கிழமைக்கு ஒரு தரம் ஓட்டுவார் என்றால் அவரோடு பங்குக்கு இங்கேயே ஒன்றை எடுங்கள், படகு அவர் பெயரில் இருக்கட்டும். அப்படி ஆள் இல்லையென்றால் வருகிற மாதத்துக்கு ஒரு படகை வாடகைக்குப் பிடியுங்கள்.