அக்காவின் முதல் ஆண் குழந்தை நோயெதிர்ப்புக் குறைபாட்டில் இறந்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கும் வருமா?

வரலாம். ஆனால் இந்த முறை பிள்ளை பிறக்கும் முன்பே ஆயத்தமாக இருக்கலாம்.

வாயில் வெள்ளை படிந்து, வயிற்றோட்டமும் நிமோனியாவுமாக ஐந்து மாதத்தில் உங்கள் பெறாமகன் போய்விட்டான், ‘ஸ்கிட்’ (SCID, பிறவியிலேயே வரும் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு) என்று டொக்டர்மார் சொன்னார்கள் என எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது. நான் திருகோணமலையில் இருக்கிறேன். என் மகனுக்கு இருப்பது வேறு வகை, ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

நோயை எதிர்க்கும் கலங்கள் எலும்பு மச்சையில் தோன்றி, படிப்படியாக முதிர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ‘இனி வளர்’ என்று ஒரு சேதி கிடைத்தால்தான் அடுத்த படி. ஸ்கிட்டில் அதிகம் காணப்படும் வகையில், அந்தச் சேதியை வாங்கும் புரதத்துக்கான ஐ.எல்.2.ஆர்.ஜி. மரபணுவில் விகாரம், அதாவது பிழையான மாற்றம், இருக்கும். அதனால், மற்றக் கலங்களை வழிநடத்தும் ரி கலங்கள் உருவாகாது. கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைச் செய்யும் பி கலங்கள் இருந்தாலும், ரி கலத்தின் துணையில்லாமல் அவற்றால் வேலை செய்ய முடியாது. என் மகனுக்குப் பழுதானது பி.ரி.கே. மரபணு, 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அவனுக்கு ரி கலம் உண்டு, பி கலம்தான் அரைவழியில் நின்றுவிடுகிறது. டொக்டர் டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தபோது டொன்சில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பி கலம் இல்லாவிட்டால் டொன்சில் வளராதாம். இப்போது அவன் உடம்பு செய்யாத பிறபொருளெதிரிகளுக்குப் பதிலாக மாதாமாதம் இம்யூனோகுளோபியூலின் ஏற்றுகிறோம். முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ச்சலோ நடுக்கமோ இல்லை என்று பார்த்த பிறகே மிஸ்ஸி வேகத்தைக் கூட்டுவார். பள்ளிக்கூடம் போகிறான், கடற்கரையில் பந்தடிக்கிறான்.

இந்த இரண்டு மரபணுவும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பவை. தாய் காவி (நோயில்லாமல் விகாரத்தைச் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆர்.ஏ.ஜி., ஏ.டி.ஏ. போன்ற வேறு மரபணுக்கள் பழுதான ஸ்கிட் வகைகளில் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் விகாரம் வர வேண்டும். அப்போது ஆணோ பெண்ணோ, நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் இதைக் கூடுதலாகக் காணலாம். தாயிடம் இல்லாமலே பிள்ளையில் புதிதாக உண்டாவதும் உண்டு. ஆகவே அக்காவை யாரும் குறை சொல்ல விடாதீர்கள், அவர் செய்த எதனாலும் வந்ததல்ல இது.

அம்மா வழியில் சின்னதிலேயே இறந்த ஆண் பிள்ளைகள் உண்டா என்று பெரியவர்களைக் கட்டாயம் கேளுங்கள். எனக்குப் பின் பிறந்த தம்பி 1990 இடப்பெயர்வில் முகாமில் காய்ச்சலில் இறந்தவன். போர்க்காலத்தில் போன பிள்ளைகளில் அவனும் ஒருவன் என்றே வீட்டில் நினைத்திருந்தோம். நம் பகுதியில் இப்படி எத்தனை சாவுகள் காரணம் தெரியாமலே மறக்கப்பட்டனவோ!

அப்புறம், மிக முக்கியமானது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி. இலங்கையில் ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே அதைப் போட்டுவிடுவார்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த மருந்து அது. ஸ்கிட் உள்ள பிள்ளைக்கு உடம்பெங்கும் பரவி உயிராபத்தாகும். முதல் பிள்ளையின் கதையைப் பிரசவத்துக்கு முன்பே வி.ஓ.ஜி.க்கும் (மகப்பேற்று டொக்டர்) பிள்ளை டொக்டருக்கும் சொல்லி, சோதனை முடியும்வரை அந்த ஊசியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். வாய்வழிப் போலியோ சொட்டும் அப்படித்தான். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுவித்தால் இன்னும் நல்லது.

பிறந்ததும் எஃப்.பி.சி. என்ற இரத்தச் சோதனை எடுத்து, ரி, பி கலங்கள் அடங்கிய நிணநீர்க் குழியங்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோலீற்றருக்குச் சுமார் 3000க்குக் கீழே என்றால் சந்தேகப்பட வேண்டும். அதற்கு மேலே இருந்தாலும் அதோடு விடக் கூடாது, ரி கலம், பி கலங்களைத் தனித்தனியே எண்ண வேண்டும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் நோயெதிர்ப்புப் பிரிவைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். ஸ்கிட் என்று உறுதியானால் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைதான் முக்கிய வழி. தொற்று எதுவும் பிடிக்கும் முன், மூன்றரை மாதத்துக்குள் செய்த பிள்ளைகள் பிழைப்பது மிக அதிகம். அக்காவுக்கு இப்போது எத்தனையாவது மாதம்?