மகள் வி.பி.என். பாதுகாப்புத் துறைக்குப் போகலாமா? ஒரு தந்தைக்கு எழுதிய மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் நெட்வொர்க் பாதுகாப்புத் துறையை விரும்புவதையும், "வி.பி.என். காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் ஜீரோ டிரஸ்ட்தான்" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து தாங்கள் கலங்கிப்போயிருப்பதையும் கடிதத்தில் படித்தேன். வி.பி.என். என்பது பொது இணையத்தின் வழியே இரு இடங்களைக் குறியாக்கத்தோடு இணைக்கும் தனிப்பாதை. உறவினர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு என்பதால், அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊழியர்கள் வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் வி.பி.என். கருவிகளே அண்மைக் காலமாகத் தாக்குதலுக்கு வழிவிட்டிருக்கின்றன. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டே ஊடுருவினார்கள். மே மாதத்தில் எரிபொருள் குழாய்ப்பாதை பல நாட்கள் நின்றுபோனது. 2024 ஜனவரி இறுதியில், இவான்டி நிறுவனத்தின் வி.பி.என். கருவிகளைப் பிப்ரவரி 2-ஆம் தேதிக்குள் துண்டித்துவிடுமாறு அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை அரசுத் துறைகளுக்கு ஆணையிட்டது. தனிநபர் நுழைவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே சரிபார்க்கும் ஜீரோ டிரஸ்ட் முறைக்கு நிறுவனங்கள் நகர்வது இதனால்தான்.

ஆனால் கிளை அலுவலகத்தைத் தலைமையகத்தோடும், சொந்த சர்வர்களை ஏடபிள்யூஎஸ், அஸூர் போன்ற கிளவுட் சேவைகளோடும் இணைக்கும் வேலையை இன்றும் பெருமளவில் ஐபிசெக் என்ற பொதுத் தரம்தான் செய்கிறது. அங்கே இரு முனைகளிலும் ஒரே நிறுவனத்தின் கருவி இருப்பது அரிது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றோடொன்று பிசகின்றிப் பேசவைக்கும் திறமைக்கே அங்கு மதிப்பு என்பதால், தங்கள் மகள் அதைத்தான் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்னிடம் ஆலோசனை பெற்றுப் பணியில் சேர்ந்த மாணவர் ஒருவர், முதல் ஆண்டிலேயே ஒரு விசித்திரமான பழுதைச் சந்தித்தார். அவர் அமைத்த இணைப்பு உடனே வேலை செய்தது. சரியாக ஒரு மணி நேரத்தில் அறுந்தது. மீண்டும் தொடங்கினால் மீண்டும் ஒரு மணி நேரம். இரு தரப்புக் கருவி நிறுவனங்களின் உதவி மையங்களும் எதிர்முனையையே குறை சொல்ல, அவர் கருவியின் நிகழ்வுப் பதிவான லாகைத் திறந்து வரி வரியாகப் படித்தார். ஐபிசெக்கின் இரு முனைகளும் ரகசியச் சாவிகளைப் பேசி முடிவுசெய்யும் நெறிமுறையான ஐகேஇ-யின் இரண்டாம் பதிப்பில், தரவைக் குறியாக்கும் முதல் சாவிகள் தொடக்கப் பேச்சுவார்த்தையின் ரகசியத்திலிருந்தே உருவாகின்றன. பிஎஃப்எஸ் எனப்படும் தனிச் சாவிப் பரிமாற்றம், சாவியைப் புதுப்பிக்கும்போதுதான் நடக்கிறது. ஒரு முனையில் அந்தப் பரிமாற்றத்துக்கான கணித அமைப்பாகக் குழு 14-உம், மறுமுனையில் குழு 19-உம் குறிக்கப்பட்டிருந்தன. அந்த முரண்பாடு ஒரு மணி நேரம் வெளியே தெரியாமல் கிடந்திருக்கிறது. திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. கருவியின் திரையை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் அவர் அந்த வரியை எட்டியிருக்க முடியாது.

வயர்கார்டு என்ற புதிய வி.பி.என். முறை, 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் 5.6 பதிப்போடு வந்தது; குறியாக்க முறைகளைப் பேசித் தேர்வு செய்யும் கட்டத்தையே அது நீக்கிவிட்டது. அதையும் மகள் படிக்கட்டும், ஆனால் ஐபிசெக்குக்குப் பிறகு.

இனி வரும் பத்தாண்டுகளின் பெரிய வேலை, குவாண்டம் கணினிகளால் உடைக்க முடியாத சாவிப் பரிமாற்றத்துக்கு மாறுவது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2024 ஆகஸ்டில் எம்எல்-கெம் என்ற அத்தகைய முறையைத் தரமாக வெளியிட்டது. பழைய முறையோடு புதியதையும் ஐகேஇ-யில் சேர்த்து இயக்க வழிசெய்யும் ஆர்எஃப்சி 9370 என்ற இணையத் தர ஆவணம் அதற்கு முன்பே, 2023-இல் வந்துவிட்டது. இப்போதைய சாவிப் பரிமாற்ற முறைகளில் ஒன்றான எக்ஸ்25519-இன் பொதுச் சாவி 32 பைட். எம்எல்-கெம் 768-இன் பொதுச் சாவி 1,184 பைட். வழக்கமான ஈதர்நெட் பாக்கெட்டின் 1,500 பைட் வரம்பை நெருங்கும் இந்தச் சாவிகளைப் பழைய ஃபயர்வால்கள், ரவுட்டர்கள் வழியே கடத்துவது எளிதாக இராது. தங்கள் மகள் பட்டம் பெறும் வேளையில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும் என்பதால்தான், இத்துறையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஒரே நிறுவனத்தின் கருவிக்கான சான்றிதழ்ப் பயிற்சிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம், ஐயா. வேலைக்குச் சேர்ந்தபின் நிறுவனமே அத்தகைய பயிற்சிக்குச் செலவிடுவது உண்டு. வீட்டிலிருக்கும் 8 ஜிபி நினைவக லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் இரண்டு மெய்நிகர் லினக்ஸ் கணினிகளை உருவாக்கி, ஒன்றில் ஸ்ட்ராங்ஸ்வான், மற்றொன்றில் லிப்ரெஸ்வான் என்ற இலவச ஐபிசெக் மென்பொருள்களை இயக்கினால், இரு வேறு தயாரிப்புகளை இணைக்கும் அனுபவம் செலவின்றிக் கிடைக்கும். சாவி புதுப்பிக்கும் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்து, மேலே சொன்ன பழுதை வேண்டுமென்றே உண்டாக்கி, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில், ஐகேஇ பயன்படுத்தும் யூடிபி 500, 4500 போர்ட்டுகளின் போக்குவரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில், ஐகேஇ இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 7296 திறந்திருக்கட்டும். அது இணையத்தில் இலவசம். அடிப்படை தடுமாறினால், என்பிடெல் தளத்திலுள்ள கணினி வலையமைப்புப் பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அடுத்த பருவ விடுமுறைக்குள் அந்தப் பழுதை மகள் தானே உண்டாக்கித் தானே சரிசெய்துவிட்டால், இரு கணினிகளின் லாகையும் எடுத்துக்கொண்டு என்னைச் சந்திக்க வரட்டும். பயிற்சி நிறுவனத்துக்கு முன்பணம் எதுவும் கட்டாமல் அதுவரை பொறுத்திருங்கள்.