அசிங்கமா ஒண்ணும் இல்லையே

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு இரவுக் காட்சிக்குத் திருச்சியில் ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போயிருந்தேன். வெளிநாட்டுப் பேய்ப் படம், 'ஏ' சான்றிதழ். பக்கத்து இருக்கைகளில் அப்பா, அம்மா, ஐந்தாறு வயதுப் பையன். அரைமணி நேரத்தில் பையன் அழத் தொடங்கிவிட்டான். அம்மா அவன் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டு காதைப் பொத்தினார். அப்பா 'பொம்மைடா அது' என்று சிரித்தார். இடைவேளையில் நான் அவரிடம் பேசினேன். 'பேய்ப் படம்தானே சார், அசிங்கமா ஒண்ணும் இல்லையே' என்றார். மேனேஜரிடம் போனேன். 'குடும்பமா வர்றவங்களை எப்படி சார் திருப்பி அனுப்புறது' என்று கையை விரித்தார். படம் முடியும்வரை அந்தக் குடும்பம் எழுந்து போகவில்லை.

நம் மக்களுக்குப் படிப்பறிவும் இல்லை, பொறுப்பும் இல்லை. மேலைநாடுகளில் இப்படி நடக்குமா? இந்த மாதிரிப் பெற்றோருக்கு அபராதம் போடச் சட்டம் வேண்டாமா? இந்தச் சான்றிதழ்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? எனக்கும் ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு பேய் காமெடிப் படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிக்கிறாள்.

ஆர்.,
திருச்சி

அன்புள்ள ஆர்.,

சில விஷயங்களைச் சட்டென்று தாண்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆப்பில் டிக்கெட் எடுத்து, இரவுக் காட்சிக்கு வந்து, வெளிநாட்டுப் படம் பார்க்கிற மனிதரைப் பற்றிப் 'படிப்பறிவு இல்லை' என்று எழுதுகிறீர்கள். அவர் உங்களைப் போலவே படித்தவர், அநேகமாக உங்கள் அளவுக்குச் சம்பாதிப்பவர். நமக்குப் பிடிக்காத எதையும் படிக்காதவர்கள் தலையில் கட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். மேலைநாட்டுக் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் 'ஆர்' தரம் பெற்ற படத்துக்கு 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோரோடு வந்தால் உள்ளே போகலாம். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் அங்கே இருந்திருந்தால் அந்த விதி அவரைத் தடுத்திருக்காது. பிரிட்டனில் '18' என்று போட்ட படத்துக்கு அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாலும் பிள்ளைக்கு இடம் கிடையாது. ஊருக்கு ஊர் வேறு.

சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1952 சினிமாட்டோகிராப் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு 'ஏ' படம் காட்டினால் அபராதம் உண்டு. குற்றம் படத்தைக் காட்டியவர் மேல்தான், கூட்டி வந்தவர் மேல் இல்லை. ஆக, உங்களிடம் கையை விரித்த மேனேஜர் பக்கம்தான் பொறுப்பு இருந்தது. 'யுஏ' படங்களில் கதை வேறு. 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த வயது பெற்றோருக்குத் தகவல் மட்டும்தான், பெற்றோரும் பாதுகாவலரும் தவிர வேறு யாரும் அதை வைத்து ஒரு பிள்ளையைத் தடுக்க முடியாது என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. ஆக, பெரும்பாலான படங்களில் அரசு முழுப் பொறுப்பையும் அம்மா அப்பாவிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பெற்றோருக்கு அபராதம் என்கிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு அதை விட்டுவிடலாம்.

நான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த அப்பா சொன்ன வாக்கியம். 'அசிங்கமா ஒண்ணும் இல்லையே.' இதே வாக்கியத்தைப் பல வருடங்களாகப் பலர் வாயிலிருந்து கேட்டுவருகிறேன். அந்த மனிதர் பொறுப்பில்லாதவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டிக்கெட் எடுக்கும் முன் அவர் யோசித்திருக்கிறார். படுக்கையறைக் காட்சி இருக்கிறதா என்று யோசித்திருக்கிறார். இல்லை என்று தெரிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நம் ஊரில் 'ஏ' என்றால் காலைக் காட்சி, பாதி கிழித்த போஸ்டர், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிற ஆண்கள். இந்த ஒரே அர்த்தம் அந்த எழுத்தின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் ஆபாசம் இல்லாத படத்துக்கு 'ஏ' கொடுத்தால், ஏதோ தவறுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். நம் வீட்டு டிவியில் முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடி மூன்று கைகள் நீளும். கழுத்தை அறுக்கும் காட்சிக்கு ஒரு கைகூட நீளாது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

வரலாறு நேர்மாறானது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்தியாவில் 'யு', 'ஏ' என்று படங்களைப் பிரிக்கும் முறை 1949-ல் வந்தது. தமிழில் முதலில் 'ஏ' வாங்கிய படம் எது தெரியுமா? 1951-ல் வந்த மர்மயோகி. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். செத்துப்போனதாக எல்லாரும் நம்பும் அரசன் ஆவியாகத் தோன்றுவதுபோல் வந்து அரசியை மிரட்டுவான். செருகளத்தூர் சாமா நடித்த வேடம். அந்தப் பேய்க்காகத்தான் 'ஏ' கொடுத்தார்கள். இன்று பார்த்தால் அந்த ஆவி யாரையும் பயமுறுத்தாது. ஆனால் அன்று படத்தைப் பார்த்தவர்கள், ஒரு பிள்ளை இதைப் பார்த்து இரவில் தூங்காமல் போகலாம் என்று நினைத்து, அது போதுமான காரணம் என்று முடிவு செய்தார்கள். தமிழ் சினிமாவின் முதல் 'ஏ' பயத்துக்காகக் கொடுக்கப்பட்டது. அதை நாம் துடைத்துவிட்டு ஆபாசத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. 2011-லிருந்து ஜிஎஸ்டி வரும்வரை, தமிழ்த் தலைப்போடு 'யு' சான்றிதழும் இருந்தால்தான் தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு. ஒரு படம் யாருக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டிய எழுத்து, வரிச் சலுகைக்கான சீட்டாகிவிட்டது. 'யு' கிடைக்கும்வரை தயாரிப்பாளர்கள் வெட்டிக்கொண்டேயிருந்தார்கள். 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது என்பதால் அந்தப் பக்கமும் நஷ்டம். இந்தப் பேரம் எதிலும் ஆறு வயதுப் பையன் இல்லை. சான்றிதழை மக்கள் மதிக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். அதை முதலில் மதிக்காதவர்கள் யார் என்று பாருங்கள்.

அடுத்து நீங்கள் சொல்லாத ஒன்று. ஆனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது சொல்வார்கள். 'நாமெல்லாம் பேய்க் கதை கேட்டுத்தானே வளர்ந்தோம், நமக்கு என்ன ஆயிடுச்சு?' இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். திருநெல்வேலிப் பக்கம் என் ஆச்சி சொல்லாத பேய்க் கதை கிடையாது. இசக்கி, சுடலைமாடன், நீலி என்று ராத்திரி ராத்திரியாகச் சொல்வாள். ஆனால் சொல்லும்போது அவள் கண் எங்கள் முகத்திலேயே இருக்கும். யாராவது ஒருவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டால் கதை உடனே திரும்பிவிடும். நீலி ஓடிப்போவாள், கோழி கூவிவிடும், விடிந்துவிடும். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து, பயப்படாத பிள்ளைகளுக்கு மட்டும் மீதியைச் சொல்வாள். படம் யார் முகத்தையும் பார்க்காது. கண்ணை மூடிக்கொண்டாலும் சத்தம் விடாது. இன்றைய தியேட்டரில் அந்தச் சத்தம் இருக்கையின் அடியிலிருந்து முதுகெலும்பில் ஏறுகிறது. காதைப் பொத்திய அந்த அம்மாவின் இரண்டு கைகளால் அதைத் தடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் ஆச்சி செய்வாள். என் மாமா மகன் ஒருவன், ஏழு வயது இருக்கும், டூரிங் டாக்கீஸில் ஏதோ மந்திரவாதிப் படம் பார்த்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டான். இரவில் கொல்லைப்புறம் போக மாட்டேன் என்று அடம். வீட்டு ஆண்கள் 'பயந்தாங்கொள்ளி' என்று சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. 'பிள்ள பயந்திருக்கு' என்றாள். அது அவளுக்கு ஒரு நோய். காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு தர்காவுக்குப் போனாள். அங்கே லெப்பை ஓதி, தண்ணீரை ஊதி அவன் முகத்தில் தெளித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். ஒரு வாரம் அவளருகிலேயே அவனுக்குப் படுக்கை, அறையில் விடியும்வரை சிமினி விளக்கு. மாமாவுக்குத்தான் சரியான திட்டு. 'பச்சப் பிள்ளய எதுக்குல கூட்டிட்டுப் போன?' மந்திரிப்பில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. பயம் பிள்ளையின் உடம்பைத் தாக்கும், அதற்குப் பெரியவர்கள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது. சாவு விழுந்த வீட்டுப் பக்கம் இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 'நமக்கு என்ன ஆயிடுச்சு' என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம், பக்கத்தில் ஒரு ஆச்சி இருந்ததுதான்.

ஆச்சி செய்தது சரிதான் என்று ஆராய்ச்சியும் சொல்கிறது. படங்களும் டிவியும் பிள்ளைகளை எப்படிப் பயமுறுத்துகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜோஆன் கேன்டர். பள்ளிக்குப் போகும் முன்னான வயதில் 'அது நிஜமில்லை' என்ற விளக்கம் அநேகமாக வேலை செய்யாது, அணைத்துக்கொள்வதும் பக்கத்தில் இருப்பதும்தான் உதவும் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. 'பொம்மைடா' என்று சிரித்த அப்பா, அந்த வயதுக்குப் பயன்படாத மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கேன்டர் கண்ட இன்னொன்று நம் படங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஹல்க் என்ற அமெரிக்க டிவி தொடரில் மிகச் சின்னப் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தியது எது என்று பார்த்தார்கள். நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற அரக்கனாக மாறும் இடம் அது. அவன் காப்பாற்ற வருகிறவன் என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது, சின்னதுகளுக்குப் புரியவில்லை. தெரிந்த முகம் தெரியாத முகமாவதை மட்டும்தான் அவை பார்த்தன. இப்போது நம் பேய் காமெடிகளை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பேய் பிடித்த கதைகள்தான். 2005-ல் வந்த சந்திரமுகியில் ஜோதிகாவின் முகம் மாறும் இடத்தில் தியேட்டரே கைதட்டியது. காஞ்சனாவில் பேய் கதாநாயகனுக்குள்ளேயே புகுந்துவிடும். பெரியவர்களுக்கு இதில் பாதி சிரிப்பு, பாதி சிலிர்ப்பு. நான்கு வயதுப் பிள்ளைக்கு, இவ்வளவு நேரம் கொஞ்சிய அக்கா அக்காவாக இல்லாமல் போகிறாள். வெட்டுக்குத்து இல்லை, ரத்தம் குறைவு, நடுநடுவே வடிவேலு வருகிறார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாகாது. வெளிநாட்டுப் பேயைவிட நம்முடைய செல்லப் பேய்கள்தான் சின்னப் பிள்ளைகளிடம் அதிகம் வேலை செய்கின்றன என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து படுக்கும்போது பக்கத்தில் படுத்திருப்பது அம்மாதானா என்ற கேள்வியை அந்தப் பிள்ளை யாரிடம் கேட்கும்?

இனி உங்களைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும். அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதினீர்கள், மடியில் அழுத்தினார், காதைப் பொத்தினார் என்று. அப்புறம் மொத்தமாகப் 'பெற்றோர்' என்று ஒரே கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அவருக்கு எழுந்து வெளியே போக ஆசை இருந்திருக்காதா? கணவர் ஆசையாக டிக்கெட் எடுத்திருக்கிறார், வாரத்தில் ஒரே ஒரு வெளியே போகும் நாள், பையனை விட்டுவிட்டு வர வீட்டில் மாமியாரோ அத்தையோ கிடையாது. நடுவில் எழுந்தால் வீட்டுக்குப் போகும்வரை பேச்சு இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் அவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் இடைவேளையில் அவருடைய கணவரிடம் சட்டம் பேசினீர்கள். அவரிடம், 'பையன் ரொம்பப் பயப்படுறான்மா, கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருங்களேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து போக அவருக்கு வெளியிலிருந்து ஒரு சாக்கு தேவைப்பட்டது. இடைவேளை முடிந்து மறுபடியும் அதே இருக்கையில் வந்து உட்கார்ந்து கடைசிவரை படத்தைப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவர்.

சான்றிதழால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, பயத்தையும் ஒரு காரணமாக நாம் மறுபடியும் ஏற்றுக்கொண்டால். 'ஏ' படம் என்றால் மேனேஜரிடம் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். படத்தின் பெயர், காட்சி நேரம் போட்டு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மாவட்டங்களில் தியேட்டருக்கு உரிமம் கொடுப்பது கலெக்டர்தான்.

உங்கள் மகளுக்கு ஐந்து வயதில் அந்தப் படம் வேண்டாம். வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம், பாதிப் பேர் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டவர்களாக இருப்பார்கள். ஏற்கெனவே யாருடைய போனிலாவது பார்த்துவிட்டு இரவில் எழுந்து வந்தால் விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு எரியட்டும். பத்து வயதுக்கு மேல் அவளே கேட்டால் கூட்டிப்போங்கள். பகல் காட்சியாகப் பார்த்து, ஓரத்து சீட்டாக எடுங்கள், எழுந்து வர வசதியாக இருக்கும்.