அவசரமும் முடிவும்

கேள்வி: அவசரத்தில் எடுக்கும் முடிவு தவறாகத்தான் போகும் என்கிறார் எங்கள் மேலாளர். நேர நெருக்கடி உண்மையிலேயே அறிவை மழுங்கடிக்கிறதா?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: மழுங்கடிக்கிறது என்பதைவிட, பார்வையைக் குறுக்குகிறது என்பதே பொருத்தம், எல்லாத் தகவலையும் எடைபோட நேரமில்லாத மனம் ஓரிரண்டை மட்டும் பற்றிக்கொள்கிறது, அவை எவை என்பதைப் பெரும்பாலும் அனுபவமே தீர்மானிக்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்த விமானத்தில், கேப்டன் சல்லன்பெர்கருக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். அந்த நிலைமைக்கான சரிபார்ப்புப் பட்டியலோ, மிக உயரத்தில் என்ஜின்கள் நிற்பதை எண்ணி எழுதப்பட்டது. துணை விமானியால் அதை முடிக்கவே இயலவில்லை. சல்லன்பெர்கர் பட்டியலின் வரிசைக்குக் காத்திராமல் துணை மின்னாக்கியை உடனே இயக்கிவிட்டு, ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். விசாரணையின்போது விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில் நடந்த பாவனைச் சோதனைகளில், மோதியவுடனே விமான நிலையத்துக்குத் திரும்பிய விமானிகள் சிலர் ஓடுதளத்தை எட்டினார்கள். நிலைமையை உணர்வதற்கென 35 விநாடி சேர்த்தபோது எட்ட முடியவில்லை. (பிறகு அமர்ந்து குறைகூறுவோர் கணக்கில் இந்த 35 விநாடி வருவதேயில்லை.) உங்கள் மேலாளர் சொல்வது, மாலைக்குள் வேண்டும் என்று யாரோ கேட்டதாலேயே அவசரமாகிவிட்ட கோப்பைப் பற்றியதென்றால், அந்தக் கெடுவை விதித்தவர் யார், ஒரு நாள் தள்ளினால் எவருக்கு நட்டம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.