கூடு இருக்கும் மரத்தை வெட்டலாமா?

அமெரிக்காவின் வெண்தலைக் கழுகைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கவிதா: ஃப்ளோரிடாவில் இருக்கிறோம். கொல்லைப் பைன் மரத்தை வெட்ட ஆள் பேசியாச்சு. இப்போது பார்த்தால் மேலே பெரிய கூடு. கழுகா, விராலடிப்பானா?

முதலில் அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விராலடிப்பான், அதாவது மீன் பிடித்துத் தின்னும் பருந்து வகை, பெரும்பாலும் பட்ட மரத்தின் உச்சியிலோ கம்பத்திலோ, மேலே எதுவும் மறைக்காத இடத்தில் கட்டும். கழுகு உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தடித்த கிளைகள் கவடு பிரியும் இடமாகப் பார்க்கும். நீர்நிலை பக்கத்தில் இருக்கவேண்டும். நான் பார்த்த ஒரு கூட்டின் அடியில் சுண்ணாம்பு தெளித்தமாதிரி எச்சம், நடுவே கெளுத்தி மீனின் மண்டை ஓடு. கழுகு வருஷா வருஷம் அதே கூட்டுக்கு வந்து சுள்ளி அடுக்கும். ஐந்தாறு அடி அகலம் சாதாரணம். உங்கள் மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே அளந்த ஒரு கூடு ஒன்பதரை அடி அகலம், 20 அடி ஆழம், எடை இரண்டு டன்னுக்கும் மேல். மரம்தான் பாவம்!

கழுகுக் கூடு என்றால், பறவை இல்லாத மாதத்தில்கூட அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. 1940-ல் வந்த கழுகுப் பாதுகாப்புச் சட்டம் பறவையோடு முட்டையையும் கூட்டையும் சேர்த்தே காக்கிறது.

மாதவன்: 2007-ல்தான் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களே சார்?

அந்தப் பட்டியல் வேறு சட்டத்தின் கீழ் வருவது. 1940 சட்டம் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அப்படியே இருக்கும். எண்ணிக்கை குறைந்த கதை இது: டிடிடி என்ற பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகுக்குள் போய் முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கும். 1963-ல் அலாஸ்காவை விட்டுப் பார்த்தால் நானூறு சொச்சம் ஜோடிதான். 1972-ல் டிடிடிக்குத் தடை வந்தது. 2007-ல் ஒன்பதாயிரத்து எழுநூறுக்கும் மேல்.

ரஷீத்: கூட்டைப் படமெடுக்க எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும்?

நடந்து போகிறவர்களுக்கு அரசு வழிகாட்டி சொல்வது 330 அடி. கூட்டிலிருந்து தெரிகிற இடத்தில் கட்டட வேலை என்றால் 660 அடி. டிரோன் வேண்டாம். அடைகாப்பது சுமார் 35 நாள். நடுவில் தாய் பதறிப் பறந்தால் முட்டை ஆறிவிடும், இல்லையா காக்கை கொத்திவிடும். தொந்தரவு செய்வதும் இதே சட்டப்படி குற்றம்தான்.

முத்து: 'வழுக்கைக் கழுகு' என்கிறார்களே?

மொழிபெயர்ப்புக் கோளாறு. ஆங்கிலப் பெயரில் 'bald' என்று வரும்; பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெள்ளை என்றும் பொருள். தலை வெளுக்கவே ஐந்து வயதாகும்.

ஜெயா: பையன் ஏரிக்கரையில் கழுகு இறகு ஒன்றைப் பொறுக்கி வந்தான். வைத்துக்கொள்ளலாமா?

கூடாதும்மா. எடுத்த இடத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். தானாக உதிர்ந்ததுதான் என்றாலும் சட்டம் விடாது. முதல் குற்றத்துக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தையைப் பிடித்துப் போகமாட்டார்கள், பயப்படாதீர்கள். அதே சமயம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சடங்குக்கு இந்த இறகு வேண்டும். இறந்த கழுகுகளைக் கொலராடோவில் ஓர் அரசுக் கிடங்கில் சேர்த்து, விண்ணப்பித்தவர்களுக்கு வரிசைப்படி அனுப்புகிறார்கள். முழுப் பறவை வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.