விண்டோஸ் 11-க்கு மாறிய பின் திரையில் சிக்கலா? கேள்வி - பதில்

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியதும் ஐகான்களும் எழுத்துகளும் மிகப் பெரிதாகிவிட்டன. ரெசல்யூஷன் (திரையில் காட்டப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை) 1024 x 768-ஐத் தாண்ட மறுக்கிறது. மானிட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய மானிட்டர், மேம்படுத்திய அன்றே பழுதாவது அரிது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பகுதியை விரித்துப் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா போன்ற பெயருக்குப் பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்கு உரிய டிரைவர் (அந்தச் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இயங்கவில்லை என்றும், எந்தக் கணினியிலும் படம் தெரிவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் பொதுவான டிரைவரே இப்போது வேலை செய்கிறது என்றும் பொருள். கணினி அல்லது கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைத் தேடி, விண்டோஸ் 11-க்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் பழைய ரெசல்யூஷன்கள் பட்டியலில் திரும்ப வரும். எல்லா டிரைவர்களையும் தானே சரிசெய்வதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். இருக்கும் சிக்கலோடு புதிய சிக்கலையும் அவை சேர்த்துவிடக்கூடும்.

டிரைவர் பெயர் சரியாக இருந்தும் திரை மினுக்கினால், அதே இடத்தில் பிராப்பர்ட்டீஸ் திறந்து, ‘டிரைவர்’ என்ற டேப்பில் (தாவலில்) ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்து முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், திரும்புவதற்குப் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை என்று கொள்ளவும்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஃபைல்கள் ஒன்றுகூட இல்லை. அழிந்துவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. காலி இடத்தில் வலது கிளிக் செய்து, ‘வியூ’ மெனுவில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ டிக் செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குள் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டரையும், சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டரையும் தேடுங்கள். இவற்றைப் பார்ப்பதற்கு முன் யார் சொன்னாலும் ஃபார்மேட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது.

பதில்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலனில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரை வரவழைத்து, ‘ரன் நியூ டாஸ்க்’ மூலம், டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்ப்ளோரரை (explorer.exe) இயக்குங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமா?

பதில்: மேம்படுத்திய 10 நாட்களுக்குள் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி வழியாக ‘கோ பேக்’ கொடுக்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், டிரைவரைச் சரிசெய்து பார்த்த பிறகே அதை யோசியுங்கள்.